நாங்கள் பேசிய கொரியன் எங்களுக்கு மட்டும்தான் புரிந்தது

தல், தல், தல்.

என் பழைய நோட்டில் ஒரே பக்கத்தில் மூன்று வரிகள் இப்படி இருக்கின்றன. முதல் தல் என்றால் நிலா, இரண்டாவது தல் என்றால் முகமூடி, மூன்றாவது தல் என்றால் மகள். கொரிய மொழியில் இவை மூன்றும் மூன்று வேறு எழுத்துகளில் தொடங்குபவை, காதுக்கும் மூன்று வேறு சத்தம். நான் தமிழில் எழுதி வைத்துக்கொண்டதால் மூன்றும் ஒன்றாகிப் போயின. என்னோடு ஒரே பேட்சில் படித்த முப்பத்தொரு பேருக்கும் அதே தல்தான். அதனால்தான் எட்டு மாதமாக யாருக்கும் அது தப்பாகவே படவில்லை. அந்த எட்டு மாதத்தில் எனக்குப் போனது 19,350 ரூபாய், ஒரு தேர்வு, அப்புறம் கொஞ்சம் மானம். நாலு பேர் சேர்ந்து கொரியன் படிக்கப் போகிறோம் என்று யாராவது வந்து சொன்னால் வேண்டாம் என்று தடுக்க மாட்டேன். இன்றைக்கும் நான் சேர்ந்துதான் படிக்கிறேன். ஆனால் எந்தக் கூட்டம், எதற்காகக் கூட்டம் என்று எனக்கு முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் கார் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்தில் கொரியக் கம்பெனிகள், அவற்றுக்குச் சரக்கு கொடுக்கும் கம்பெனிகள், கொரியச் சாப்பாட்டுக் கடைகள், மளிகைக் கடைகள் என்று ஒரு தனி உலகமே வளர்ந்துவிட்டது. எங்களுக்கு ஆடிட் என்றால் கொரியாக்காரர்கள் வருவார்கள், கூடவே ஒரு டிரான்ஸ்லேட்டர் வருவார். ஒருமுறை வந்தது ஆரணிப் பக்கத்துப் பெண், என் வயதுதான். நான் பத்து நிமிஷம் இங்கிலீஷில் திணறித் திணறி விளக்கியதை அவள் நாலு வாக்கியத்தில் கொரியனில் சொன்னாள். அந்த ஆள் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மதியம் கேன்டீனில் பேச்சுவாக்கில் சம்பளத்தைக் கேட்டேன். என்னுடையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அன்றைக்கு இரவே போனை எடுத்து கொரியன் கிளாஸ் என்று தேடினேன். அவளிடமே எங்கே படித்தாய் என்று கேட்டிருக்கலாம். கூச்சம், கேட்கவில்லை. சென்னையில் இன்கோ சென்டர் என்ற இந்திய-கொரியப் பண்பாட்டு மையத்தில் கொரிய மொழி வகுப்பு நடக்கிறது என்பதோ, கொரிய அரசின் ஆதரவில் கொரியன் சொல்லித்தரும் செஜோங் நிறுவனத்தின் இணையதளத்தில் பாடம் இலவசமாகவே கிடைக்கிறது என்பதோ எனக்கு அப்போது தெரியாது. கண்ணில் பட்ட முதல் விளம்பரத்தில் விழுந்தேன்.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: மூன்று மாதத்தில் டோபிக் (கொரிய மொழித் திறன் தேர்வு) லெவல் 2, அதன் பிறகு கொரியாவில் வேலைக்கு வழிகாட்டுதல், ஆன்லைன் வகுப்பு, குழுவாகக் கற்பதால் சீக்கிரம் வரும். கட்டணம் 14,500. நகைச்சீட்டு முடிந்து கையில் இருந்த பணம் அது. அம்மாவிடம் எட்டாயிரம் என்று சொன்னேன். (இதைப் படித்தால் இப்போது தெரிந்துகொள்வாள், பரவாயில்லை.) சேர்ந்த இரண்டாவது நாள், பாடப்பொருள் தனி என்று சொல்லி 1,850 ரூபாய்க்கு ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் கட்டு ஒன்றை கூரியரில் அனுப்பினார்கள். மேல் அட்டையில் வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது என்று அச்சடித்திருந்தது. பிறகு ஒரு நாள் டோபிக்கின் அதிகாரபூர்வ இணையதளத்தைத் திறந்தபோது அதே வினாத்தாள்கள் அங்கே கிடந்தன. பழைய தேர்வுகளின் தாள், ஒலிப்பதிவு, விடை எல்லாம் இலவசம். என் ஜெராக்ஸ் கட்டில் ஒலிப்பதிவுகூட இல்லை. யாராவது தனிப்பட்ட மெட்டீரியல் என்று காசு கேட்டால் முதலில் அந்தத் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

முதல் மூன்று வாரம் எழுத்து மட்டுமே நடந்தது. கொரிய எழுத்துக்கு ஹங்குல் என்று பெயர். செஜோங் மன்னர் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்டது. படிப்பறிவில்லாத ஜனங்களும் எழுதப் படிக்க வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்ட எழுத்து. அடிப்படை மெய் 14, உயிர் 10, அவ்வளவுதான். அடிப்படையான சில மெய்யெழுத்துகளின் வடிவமே நாக்கு, உதடு, தொண்டை இருக்கும் நிலையைப் படமாகப் போட்டது. ஒரு எழுத்தின் மேல் இன்னொரு கோடு போட்டால் அதே சத்தம் மூச்சு தள்ளி வரும். புத்திசாலி ஒரு காலைப்பொழுதிலும், மந்தபுத்திக்காரன் பத்து நாளிலும் கற்றுவிடலாம் என்று அந்த எழுத்தை வெளியிட்டபோதே எழுதி வைத்திருக்கிறார்கள். நாங்கள் இருபத்தோரு நாள் எடுத்துக்கொண்டோம். ஏன் என்றால் முப்பத்திரண்டு பேரில் தினமும் நாலு பேர் வர மாட்டார்கள், மறுநாள் அவர்களுக்காகத் திரும்ப முதலிலிருந்து. எழுத்தைக் கற்க யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம், கூட்டும் வேண்டாம். ஒரு சனி ஞாயிறு தனியாக உட்கார்ந்தால் முடிகிற வேலை. ஆனால் அந்த இரண்டு நாளுக்குப் பிறகு ஒரு சொல்லைக்கூடத் தமிழிலோ இங்கிலீஷிலோ எழுதி வைக்கக் கூடாது. நான் எழுதி வைத்தேன். அந்த தல், தல், தல் அப்படி வந்ததுதான்.

வகுப்பு எப்படி நடக்கும் என்றால், டீச்சர் ஒரு வாக்கியம் சொல்வார், நாங்கள் எல்லாரும் மைக்கைத் திறந்து கோரஸாகச் சொல்வோம். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ஆரம்பப் பள்ளியில் வாய்ப்பாடு சொன்ன மாதிரி ஒரு சுகம். எட்டரை மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, ஒன்பது மணிக்கு முப்பது குரலோடு சேர்ந்து அன்யோங்ஹாசேயோ, அதாவது வணக்கம், என்று கத்தினால் அன்றைய அலுப்பு போய்விடும். வாட்ஸாப் குழுவும் இருந்தது. பழைய பேட்ச்காரர்களையும் சேர்த்து நூற்றைம்பது பேர் இருப்பார்கள். காலையில் கொரியனில் குட்மார்னிங் ஸ்டிக்கர், மதியம் பி.டி.எஸ். என்ற கொரியப் பாட்டுக் குழுவின் போட்டோ, ராத்திரி சீரியலில் யார் யாரைக் கட்டிக்கொள்வார்கள் என்ற விவாதம். அதில் கிடந்ததையும் நான் படிப்பு நேரத்தில் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டேன். தினமும் இரண்டு மணி நேரம் கொரியன் படிக்கிறேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். கோரஸில் என் குரல் தனியாக எத்தனை முறை கேட்டிருக்கும் என்று பிறகு யோசித்தேன். எட்டு மாதத்தில் நான் தனியாகப் பேசியது கூட்டினால் அரை மணி நேரம் தேறாது.

இன்னொரு கொடுமை, பாடம் முழுக்க இங்கிலீஷ் வழியாக. தமிழ்நாட்டு டீச்சர், தமிழ்நாட்டுப் பிள்ளைகள், நடுவில் எதற்கோ இங்கிலீஷ். கொரியனில் வினை கடைசியில் வரும், இது ரொம்ப வித்தியாசமான அமைப்பு, கவனமாகப் பழக வேண்டும் என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருப்பார். நாங்களும் பயந்து தலையாட்டுவோம். நான் பள்ளிக்குப் போகிறேன் என்பதைக் கொரியனில் சொன்னால் சோனுன் ஹக்க்யோஏ காயோ. நான், பள்ளி, கு, போகிறேன். சொல் வரிசை அப்படியே நம்முடையது. அந்த ஏ நம் கு உருபு. ருல் என்பது ஐ. தோ என்பது உம்: நாதோ என்றால் நானும். இதையெல்லாம் நான் வகுப்பை விட்டு வந்த பிறகு ஒரு மழை நாளில் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தேன். அன்றைக்குக் கண்ணில் பட்ட ஒன்று என்னைத் தூக்கிவாரிப் போட்டது. சாப்பிட்டுப் பாருங்கள் என்று நாம் சொல்கிறோம் இல்லையா, அந்தப் பார் கண்ணால் பார்ப்பது இல்லை, முயன்று பார்ப்பது. கொரியனில் மோகோ போசேயோ. மோகோ என்றால் சாப்பிட்டு, போசேயோ என்றால் பாருங்கள். அதே பார்! செய்து கொடுங்கள் என்பதற்கு ஹே ஜுசேயோ, அதுவும் அதே கொடு. சாப்பிட்டுவிட்டேன் என்பதில் வரும் விடுக்குக்கூட அங்கே ஒரு சகோதரன் இருக்கிறான். இங்கிலீஷில் இதை விளக்க அரைப் பக்கம் வேண்டும். தமிழில் ஒரு நொடி. உங்கள் கூட்டத்தில் எல்லாருக்கும் தமிழ் தெரியும் என்றால் இங்கிலீஷைக் கதவுக்கு வெளியே விட்டுவிடுங்கள்.

சத்தத்திலும் நமக்குச் சில சௌகரியங்கள் உண்டு. பத்து, காசு என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் ஒரு உகரம் வருகிறதே, குற்றியலுகரம், அதற்குக் கொரியனில் தனி எழுத்தே இருக்கிறது. இங்கிலீஷ்காரர்கள் அந்த ஒரு உயிருக்கு முட்டி மோதுவார்கள். செய்கிறேன் என்பதற்கு எழுதுவது ஹப்னிதா, படிப்பது ஹம்னிதா; நம் இலக்கணத்தில் கல்லும் மலையும் சேர்ந்தால் கன்மலை ஆகிற மாதிரிதான். ஆனால் இங்கே ஒரு பெரிய பள்ளமும் இருக்கிறது. க, த, ப, ச ஒவ்வொன்றும் கொரியனில் சாதாரணம், மூச்சு தள்ளுவது, இறுக்கிச் சொல்வது என்று பிரிந்து நிற்கும். புல் என்று நமக்குக் கேட்பது நெருப்பாகவும் இருக்கலாம், புல்லாகவும் இருக்கலாம் (அது தற்செயல்தான்), கொம்பாகவும் இருக்கலாம். நம் காது இதைப் பிரித்துப் பழகியதில்லை. தமிழர்கள் மட்டும் உள்ள கூட்டத்தில் இதைக் கண்டுபிடிக்க ஒரு காதும் இருக்காது.

தற்செயல் என்றதும் ஞாபகம் வருகிறது. நடுவில் மூன்று வாரம் எங்கள் குழுவுக்கு ஒரு பித்துப் பிடித்தது. அம்மாவை அவர்கள் ஓம்மா என்கிறார்கள், அப்பாவை அப்பா என்றே சொல்கிறார்கள், ஆக தமிழும் கொரியனும் ஒரே குடும்பம் என்று ஒருவர் ஆரம்பித்தார். ஆளுக்குப் பத்துச் சொல்லைத் தேடிக் கொண்டுவந்து போட்டோம். ஹுல்பர்ட் என்ற அமெரிக்க மிஷனரி நூறு வருஷத்துக்கு முன்பே கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு எழுதியது நிஜம்தான். ஆனால் இரண்டும் ஒரே குடும்பம் என்பதை மொழியியலாளர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை, அம்மா அப்பா மாதிரிச் சொற்கள் உலகத்தில் பல மொழிகளில் இப்படித்தான் இருக்கும். பெருமையாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அந்த மூன்று வாரத்தில் எங்களுக்குப் புதிதாக வந்த வினைச்சொல் ஒன்றுகூட இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாவது மாதம் கடைத்தெருப் பாடம் வந்தது. ஒருவர் கடைக்காரர், ஒருவர் வாடிக்கையாளர். அரிசி இருக்கிறதா என்று கேட்க வேண்டும்: சல் இஸ்ஸோயோ? ஆளாளுக்கு மாறி மாறி இருபது தடவை அரிசி வாங்கினோம். டீச்சர் கைதட்டினார். எனக்கு ஒரே தெம்பு. அந்தச் சனிக்கிழமையே பஸ் பிடித்து ஒரு கொரிய மளிகைக் கடைக்குப் போனேன். கல்லாவில் ஐம்பது வயதுக் கொரிய அம்மா உட்கார்ந்திருந்தார். குனிந்து வணக்கம் சொன்னேன், அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பிறகு சல் இஸ்ஸோயோ என்றேன். அவர் ஒரு நொடி விழித்தார். அப்புறம் தன் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக்காட்டி, இஸ்ஸோயோ, மானி இஸ்ஸோயோ என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். இருக்கு, நிறைய இருக்கு. அரிசிக்குச் சொல்ல வேண்டிய ச இறுக்கி அழுத்திச் சொல்வது. நான் மெதுவாகச் சொன்ன சல் என்றால் சதை, உடம்புக் கொழுப்பு. அந்தம்மா நல்லவர், கோபித்துக்கொள்ளவில்லை, ஐந்தாறு தடவை சொல்லிக் காட்டினார். என்னால் வித்தியாசத்தைக் கேட்கவே முடியவில்லை. அரிசியும் வாங்காமல் வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றேன். சிரிப்பு வரவில்லை. அந்த வாரம் முழுக்க முப்பது பேர் ஒருவருக்கொருவர் கொழுப்பு விற்று வாங்கிக்கொண்டிருந்திருக்கிறோம், யாருக்கும் தெரியவில்லை. எல்லாருக்கும் ஒரே தப்பு என்றால் எல்லாருக்கும் நன்றாகவே புரியும். எங்களுக்குள்ளேயே புழங்குகிற ஒரு கொரியனை நாங்கள் உண்டாக்கி வைத்திருந்தோம்.

அதைவிட மோசம் கம்பெனியில் நடந்தது. கொரியாவிலிருந்து வந்திருந்த புஜங்நிம் ஒருவரிடம், அதாவது துறைத்தலைவர், நீங்கள் எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்க நினைத்தேன். நீங்கள் என்பதற்கு எங்கள் வகுப்பில் தங்ஷின் என்று பழகியிருந்தோம், இங்கிலீஷில் இருக்கும் சொல்லுக்கு ஒரு சொல் வேண்டுமே என்று. கேட்டேன். அவர் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. பதில் சொன்னார், ஆனால் டிரான்ஸ்லேட்டரைப் பார்த்துச் சொன்னார். அன்று சாயங்காலம் டிரான்ஸ்லேட்டர் பெண், அதே ஆரணிப் பெண், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, அந்த வார்த்தை புருஷன் பொண்டாட்டி சொல்லிக்குவாங்க, இல்லைன்னா சண்டை போடறப்ப சொல்லுவாங்க" என்றாள். பிறகு எப்படிக் கேட்பது என்றேன். "நம்ம ஊர்ல சார் எப்ப கிளம்பறீங்கன்னு கேப்போமே, அதே மாதிரி புஜங்நிம் எப்ப கிளம்பறீங்க." பதவிப் பெயரோடு நிம் சேர்த்தால் போதும், நீ, நீங்கள் எதுவுமே வேண்டாம். நமக்கு இயல்பாக வருவதுதான் இதுவும். இங்கிலீஷைச் சுற்றிக்கொண்டு போனதால் எனக்கு வராமல் போயிற்று. அன்றைக்காவது வெட்கத்தை விட்டு அவளிடம் எங்கே படித்தாய் என்று கேட்டேன். அவள் ஒரு சிரிப்புச் சிரித்து, "முதல்லயே கேட்டிருக்கலாம்ல அக்கா" என்றாள்.

இதற்குள் எங்கள் பேட்சில் பதினோரு பேர்தான் மிச்சம். ஏப்ரல் டோபிக் தேர்வுக்கு நாங்களே மொத்தமாகப் பதிந்துவிடுகிறோம், ஆளுக்கு மூவாயிரம் அனுப்புங்கள் என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னார். தேர்வுக் கட்டணம், சர்வீஸ் சார்ஜ் எல்லாம் சேர்த்து என்றார். ரசீது கேட்கவில்லை. பாஸ்போர்ட் நகலையும் போட்டோவையும் வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டு மாக் டெஸ்ட் போட்டுக்கொண்டிருந்தேன். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஹால் டிக்கெட் எண்ணைக் கேட்டேன். வரும் வரும் என்றார். கடைசியில், பதிவு சில நாட்கள்தான் திறந்திருந்தது, தவறிவிட்டது, அடுத்த பேட்சில் இலவசமாக உட்கார்ந்துகொள்ளுங்கள் என்றார். மூவாயிரம் திரும்ப வரவில்லை. அடுத்த தேர்வுக்கு அரை வருஷம். அன்று ராத்திரி மொட்டை மாடியில் உட்கார்ந்து அழுதேன். பணத்துக்காக அழுததைவிட, பதினோரு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அவர் செய்திருப்பார் என்று நம்பியதை நினைத்துத்தான் அதிகம் அழுதேன். ஒரே ஒருத்தர் தனியாக இருந்திருந்தால் தானே தேதியைப் பார்த்திருப்பார். தயவுசெய்து தேர்வுப் பதிவை யார் கையிலும் கொடுக்காதீர்கள். தேர்வு நடத்தும் இடத்தின் அறிவிப்பை நீங்களே பாருங்கள், பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்துக் கூட்டலிலேயே பெயரைக் கொடுங்கள், பதிவு எண் கையில் வரும்வரை பதிந்ததாக நினைக்காதீர்கள்.

எங்கள் பதினோரு பேரில் காஞ்சிபுரத்துப் பையன் ஒருவன் இருந்தான். அவனுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். கொரியாவில் தொழிற்சாலை வேலைக்கு என்று சேர்ந்தவன். டோபிக் என்பது வேறு, ஈ.பி.எஸ். டோபிக் என்பது வேறு. இரண்டாவதுதான் கொரிய அரசு பிற நாடுகளோடு ஒப்பந்தம் போட்டுத் தொழிலாளர்களை எடுக்கும் திட்டத்துக்கானது. அந்தப் பட்டியலில் இலங்கை, நேபாளம், வங்கதேசம் எல்லாம் உண்டு, இந்தியா கிடையாது. இலங்கைத் தமிழர்கள் அங்கே அரசாங்கத்தின் வேலைவாய்ப்புப் பணியகம் வழியாக அதை எழுதிப் போகிறார்கள். இங்கே அந்தப் பாதையே இல்லை. அவன் எட்டு மாதம் ஈ.பி.எஸ். புத்தகத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான், எங்கள் ஒருங்கிணைப்பாளரும் செய் செய் என்று சொல்லிக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு பேரில் ஒருத்தருக்கும் அவனிடம் சொல்லத் தெரியவில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

அதன் பிறகு இரண்டு மாதம் தனியாகப் படித்தேன். இலக்கணம் வேகமாக ஏறியது, சொல் ஏறியது, வாய் மட்டும் திறக்கவில்லை. சொல்லிக் காட்ட ஆள் வேண்டும். பழைய குழுவிலிருந்து இரண்டு பேரைத் தனியாக அழைத்தேன். ஒருத்தி கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் பெண், பாட்டு கேட்டு வந்தவள். இன்னொருவர் தபால்துறையிலிருந்து ஓய்வுபெற்ற சார். அவர் மகள் கணவரோடு கொரியாவில் சுவோன் நகரத்தில் இருக்கிறாள், பேரன் அங்கேயே பாலர் பள்ளிக்குப் போகிறான், வீடியோ காலில் தமிழை விடக் கொரியன்தான் அதிகம் பேசுகிறான். சாருக்குத் தேர்வும் வேண்டாம், வேலையும் வேண்டாம், பேரன் சொல்வது புரிய வேண்டும். பூந்தமல்லியில் அவர் அபார்ட்மென்ட்டின் கார் பார்க்கிங்கில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. அந்தப் பெண் என்னை அக்கா என்பதற்கு ஓன்னி என்று கூப்பிட ஆரம்பித்தாள். சாரும் அதைக் கேட்டு என்னை ஓன்னி என்றார். ஆண்பிள்ளை சொன்னால் அது நூனா, அதுவும் தன்னைவிட மூத்தவளைத்தான் என்று சொல்லி இரண்டு வாரம் சிரித்தோம்.

ஒரே ஒரு விதி முதலில் போட்டோம். யாரும் யாருக்கும் பாடம் எடுக்கக் கூடாது. இலக்கணத்தை அவரவர் வீட்டில் புத்தகத்தைப் பார்த்துப் படித்துவிட்டு வர வேண்டும். ஒருத்தர் தெரிந்ததை இன்னொருத்தருக்குச் சொல்லிக்கொடுத்தால் தப்பும் சேர்ந்தே பரவும் என்பதைத்தான் எட்டு மாதம் பார்த்தேனே. கூடும்போது தனியாகச் செய்ய முடியாததை மட்டும் செய்கிறோம். முதல் வேலை சொல்வதெழுதல். பழைய டோபிக் ஒலிப்பதிவிலிருந்து பத்து வாக்கியம், இரண்டு முறை ஓடவிடுவோம், ஹங்குலில் எழுதுவோம், நோட்டை மாற்றித் திருத்துவோம். கொரியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது வழக்கமான பயிற்சி. காதில் மோகோயோ (சாப்பிடுகிறேன்) என்று விழும், ஆனால் ஹங்குலில் எழுத்துகளை அசை அசையாகக் கட்டம் கட்டி அடுக்குவார்கள், அந்தக் க முதல் அசையின் அடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் வாரம் பத்துக்கு எனக்குக் கிடைத்தது இரண்டு.

இரண்டாவது, போன் பரீட்சை. காசில்லாமல் எனக்குக் கிடைத்த பெரிய உதவி இதுதான், தனியாக இருப்பவர்களும் செய்யலாம். போனில் கொரியன் கீபோர்டைச் சேர்த்து, அதில் மைக்கை அழுத்தி வாக்கியத்தைச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னது எழுத்தாக வரும். போனுக்குத் தமிழ்க் காது இல்லை, நம்மேல் இரக்கமும் இல்லை. தனிச் சொல்லாகச் சொன்னால் சில சமயம் அதுவே குழம்பும், வாக்கியமாகச் சொல்லுங்கள். அரிசி வாங்கினேன் என்று நான் சொன்னால் கொழுப்பு வாங்கினேன் என்றே நாலு வாரம் எழுதியது. ஐந்தாவது வாரம் தொண்டையை இறுக்கிக்கொண்டு, தமிழில் பச்சை என்னும்போது அந்தச் ச எப்படி அழுந்துகிறதோ அந்த அழுத்தத்தை மட்டும் சொல்லின் தொடக்கத்திலேயே கொடுத்துப் பார்த்தேன். அரிசி என்று வந்தது. நாற்காலியை விட்டு எழுந்து குதித்தேன், மாடியிலிருந்து ஒரு மாமி எட்டிப் பார்த்தார். சாருக்கு இன்றைக்கும் நிலா மகளாகத்தான் வருகிறது. நம் த இயல்பாகவே கொஞ்சம் இறுக்கமானது, அதனால் நிலா தெரிகிறது என்றால் போன் மகள் தெரிகிறாள் என்று எழுதும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை சொல்லிப் பார்ப்பார்.

மூன்றாவது, மாதம் ஒருமுறை வெளிக் காது. அந்த மளிகைக் கடைக்கே மூன்று பேரும் போகிறோம். ஆளுக்கு ஏதாவது ஒன்று வாங்குவோம், ஐந்து நிமிஷம் பேசுவோம், அந்தம்மா முகம் சுளித்த இடத்தைக் குறித்துக்கொண்டு வருவோம். கூட்டம் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்துப் போவதும், வாங்காமல் வெறும் கையோடு பேச நிற்காமல் இருப்பதும் முக்கியம். கடை அவர் பிழைப்பு, நம் வகுப்பறை இல்லை.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். மூன்று பேர் என்றால் ஒருத்தர் வராவிட்டாலே பாதி போய்விடும். பரீட்சை நேரத்தில் அந்தப் பெண் ஐந்து வாரம் வரவில்லை, எனக்குக் கோபம் வந்து ஒரு மெசேஜ் போட்டு, அவள் அழுது, சார் சமாதானம் பண்ணி வைத்தார். கொரியனில் மணி சொல்வதில் எனக்கும் சாருக்கும் சண்டை. கொரியனில் எண் இரண்டு வகை. மணிக்கு ஒரு வகை, நிமிஷத்துக்கு இன்னொரு வகை: மூன்றரை என்றால் சே ஷி சாம்ஷிப் புன். சே நாட்டு எண், சாம் சீன வழி எண், இரண்டும் மூன்றுதான். சார் எல்லாவற்றையும் ஒரே வகையில் சொல்வேன், பேரனுக்குப் புரிந்தால் போதும் என்பார். நான் விட மாட்டேன். கடைசியில் பேரனே வீடியோ காலில் திருத்தினான், நான் சொன்னபோது கேட்காதவர் அவன் சொன்னதும் கேட்டுக்கொண்டார்.

அக்டோபர் தேர்வுக்கு நான் என் கையாலேயே பதிந்தேன். டோபிக் முதல் நிலையில் கேட்டல் 30 கேள்வி 40 நிமிஷம், படித்தல் 40 கேள்வி 60 நிமிஷம், இடைவெளி இல்லாமல் நூறு நிமிஷம். மொத்தம் 200 மதிப்பெண், 80 எடுத்தால் லெவல் 1, 140 எடுத்தால் லெவல் 2. பேச்சுக்கு அதில் மதிப்பெண்ணே கிடையாது. ஆனாலும் சொல்வதெழுதல் செய்த காது கேட்டலில் கைகொடுத்தது. ஒரு கேள்வியில் கடைக்காரர் விலை சொல்லும் குரல் வந்தபோது எனக்கு வயிற்றை ஆட்டிக்காட்டிய அந்தம்மா ஞாபகம் வந்து, அந்த ஒரு கேள்வியை விட்டுவிட்டேன். முடிவு வந்தது: கேட்டல் 68, படித்தல் 84. லெவல் 2. சான்றிதழ் இரண்டு வருஷம்தான் செல்லும், டிரான்ஸ்லேட்டர் வேலைக்கு இது எந்த மூலைக்கும் பத்தாது, குறைந்தது லெவல் 4 வேண்டும் என்று ஆரணிப் பெண் சொல்லிவிட்டாள். அடுத்த நிலையில் எழுத்துத் தேர்வும் வரும், அதற்கு எங்கள் ஞாயிற்றுக்கிழமை முறை போதாது. கட்டுரையைத் திருத்த ஒரு ஆசிரியர் வேண்டும், அதற்குக் காசு கொடுக்கத்தான் போகிறேன். இந்த முறை முதலில் ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்த்துவிட்டு, எத்தனை பேர், ஒருத்தருக்கு எத்தனை நிமிஷம் பேச்சு என்று கேட்டுவிட்டு.

கல்லூரிப் பெண் இப்போது இன்டர்ன்ஷிப்புக்காகக் கோயம்புத்தூர் போய்விட்டாள். போன வாரம் காஞ்சிபுரத்துப் பையன் கூப்பிட்டான், ஒரு கொரியக் கம்பெனி ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறானாம், மறுபடி படிக்கணும் அக்கா, வரலாமா என்றான். வா என்றேன். காலை ஏழு மணி, பூந்தமல்லி, ஒரு நோட்டு, ஒரு பென்சில், போனில் கொரியன் கீபோர்டு போட்டுக்கொண்டு வா என்றேன். "மெட்டீரியல் எவ்வளவுக்கா?" என்று கேட்டான்.